டாலர் பச்சையான வரலாறு

கலையை இந்த நாட்டில் மூன்று வகையினர் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். மன்னர்கள், ஜமீன்தார்கள், அப்புறம் போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி தங்கப்பாண்டி. முதல் இரண்டு வகையும் பூண்டோடு போய்விட்டது. மூன்றாமவரும் போக இருந்தார், மயிரிழையில் தப்பினார். அந்த மயிர் ஒரு நாயினுடையது என்பதையும், அது என்ன நிறத்தில் இருந்தது என்பதையும் வருங்காலத் தலைமுறை அறிந்துகொள்ள வேண்டியே இந்த வரலாறு எழுதப்படுகிறது.

தங்கப்பாண்டியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. மலையடிவார ஏலக்காய் வணிகர் நலச் சங்கத்தின் 'சாய ஒழிப்புக் குழு'வுக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். ஏலக்காயைப் பாயசத்தில் மட்டுமே சந்தித்தவர்களுக்காக இந்த இடத்தில் ஒரு வார்த்தை. காய் பச்சையாக இருந்தால் மதிப்பு. நாள்பட்டு வெளுத்துப்போனால் அதை ஏறெடுத்துப் பார்க்க ஆள் கிடையாது. ஆனால் வெளுத்த காயைச் சாயத்தில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்தால், நேற்றுத்தான் செடியை விட்டு இறங்கியது போலப் பளபளக்கும். இது சட்டப்படி குற்றம். குற்றம் என்பதால் சங்கத்தில் யாரும் அதைச் செய்வதில்லை. யாரும் செய்யாத அந்தக் காரியத்தை ஒழிப்பதற்காகச் சங்கம் ஒரு குழு அமைத்தது. குழு மாதாமாதம் கூடியது, கவலைப்பட்டது, வடை சாப்பிட்டது, கலைந்தது. அதன் அயராத உழைப்பின் பயனாக, சாயம் போட்டவர் ஒருவர்கூட இன்றுவரை பிடிபடவில்லை. இதற்கு மேல் ஒரு குழு என்னதான் செய்துவிட முடியும்?

அந்த வருஷம் சங்கத் தலைவர் தேர்தல் வந்தது. தங்கப்பாண்டி நின்றார். எதிர்த்து நின்றவர் ஜோசப். இவரும் ஏலக்காய் வியாபாரிதான். அதே குழுவின் துணை ஒருங்கிணைப்பாளர். ஜோசப் 'சாயத்தை ஒழிப்போம்' என்று நோட்டீசு போட்டார். தங்கப்பாண்டி 'சாயத்தை வேரோடு ஒழிப்போம்' என்று போட்டார். ஜோசப் 'வேரும் வேரடி மண்ணுமாக' என்றார். அதற்கு மேல் தோண்ட இடமில்லாமல் தங்கப்பாண்டி திணறிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவருடைய அக்கா மகன் சூர்யபிரகாஷ் வந்து சேர்ந்தான்.

சூர்யபிரகாஷ் கல்லூரியில் சினிமாப் படிப்பு, கடைசி வருஷம். தாடி வைத்திருந்தான். பேசும்போது இரண்டு கைகளாலும் எதிரில் இருப்பவரின் முகத்துக்குச் சட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டே பேசுவான்.

"மாமா, படிப்பு முடியுறதுக்குள்ள ஒரு படம் எடுத்துக் குடுக்கணும். ஹாரர் காமெடி எடுக்கிறேன்."

"அப்படின்னா?"

"பயந்துக்கிட்டே சிரிக்கணும்."

"நம்ம சங்கத்துல கணக்கு வாசிக்கிற மாதிரியா?"

"கிட்டத்தட்ட அதான் மாமா. லோ பட்ஜெட்."

"லோ பட்ஜெட்னா எம்புட்டு மாப்ளே?"

"செலவே கெடையாது. மேல நம்ம எஸ்டேட்ல ஷூட்டிங். நம்ம ஜீப்பு. நம்ம வீட்டுச் சாப்பாடு. நம்ம நாயி."

'நம்ம' என்ற அருமையான தமிழ்ச் சொல்லுக்குச் சினிமாத் துறையில் 'உங்க' என்று பொருள். தங்கப்பாண்டிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் மருமகன் அடுத்து ஒரு குண்டைப் போட்டான்.

"போஸ்டர்ல மேல உங்க பேரு மாமா. 'சாய ஒழிப்புச் செம்மல் தங்கப்பாண்டி வழங்கும்'னு போட்டுருவோம். ஊரெல்லாம் ஒட்டிருவோம். ஜோசப் அண்ணன் ஒரு நோட்டீசு அடிச்சா நீங்க ஒரு படமே அடிக்கிறீங்க."

தங்கப்பாண்டியின் உள்ளே அதுவரை உறங்கிக்கொண்டிருந்த கலை ஆர்வம் புரண்டு படுத்து, கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்தது.

"கதை என்னடா?"

"எஸ்டேட்ல ஒரு நாயி செத்துப்போகுது. உசுரோட இருக்கையில அதுக்குப் பிஸ்கட்டு போடாதவன் வீட்டுக்கெல்லாம் பேயா வருது. டாலர்தான் மாமா பேயி. அதுதான் ஹீரோவும்."

டாலர் என்பது தங்கப்பாண்டி வீட்டு நாய். ஏற்றுமதி செய்யும் ஆசையில் அவர் வைத்த பெயர். ஏற்றுமதி நடக்கவில்லை, பெயர் தங்கிவிட்டது. தும்பைப் பூ மாதிரி வெள்ளை. ராஜபாளையம் ஜாதி என்று சொல்லி அவர் தலையில் கட்டினார்கள். குட்டியாக இருக்கும்போது ராஜபாளையமாகத்தான் இருந்தது. வளர வளரப் போடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. "கலப்படம் பண்ணி ஏமாத்திட்டானே படுபாவி, இவனுகளையெல்லாம் சும்மா விடலாமா?" என்று விற்றவனைப் பற்றி அவர் குமுறாத நாளில்லை. அவருக்குக் கலப்படம் என்றாலே ஆகாது.

அவர் மனைவி சாந்தகுமாரிக்கு நாயின் பூர்வீகத்தைப் பற்றிக் கவலையில்லை. அவளுக்கு அது பிள்ளை.

"நடிக்கக் கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. ஆனா போன மாதிரியே திரும்பி வரணும். ஒரு முடி கொறையப்படாது," என்றாள்.

கொடுத்த வாக்கை அவர்கள் காப்பாற்றினார்கள் என்றே சொல்ல வேண்டும். முடி ஒன்றுகூடக் குறையவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் படக்குழு ஜீப்பில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து பாதியும், வாந்தியெடுத்து மீதியும் கடந்து, போடிமெட்டுக்கு மேலே தங்கப்பாண்டியின் எஸ்டேட்டை அடைந்தது. காய் உலர்த்தும் பழைய கட்டடம்தான் பேய் பங்களா. கேமரா, படத்தொகுப்பு இரண்டுக்கும் பொறுப்பு நிலா. சூர்யபிரகாஷுடன் படிப்பவள், அதிகம் பேசாதவள். கேமரா என்பது அவளுடைய செல்போன். லைட் என்பது ஜீப்பின் முன்விளக்கு. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற கண்ணாடி என்பது சாந்தகுமாரி கேசரி கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தாம்பாளம். தயாரிப்பாளர் என்ற முறையில் தங்கப்பாண்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாலில்லாத கட்டன் சாயா குடித்தார். சினிமா இவ்வளவு சுலபமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

சிரமம் டாலரிடமிருந்து வந்தது. பேயாக நடந்து வரச் சொன்னால் அது உட்கார்ந்து காதைச் சொறிந்தது. முறைக்கச் சொன்னால் கொட்டாவி விட்டது.

"புகை போட்டாத்தான் மாமா பேய் எபெக்ட்டு வரும்," என்றான் சூர்யபிரகாஷ்.

"அதான் மலையே பனியா கெடக்கே. அதப் பிடி."

"அது சொன்ன பேச்சு கேக்காது. ஒரு ஷாட்டுக்கு நிக்குது, அடுத்த ஷாட்டுக்குப் போயிருது. கண்டினியூட்டி ஒதைக்குது மாமா. கவலைப்படாதீங்க, நான் எல்லாம் ரெடியாத்தான் வந்திருக்கேன்."

உலர்த்தும் அடுப்பிலிருந்து ஒரு சட்டியில் கங்கு எடுத்துக்கொண்டான். பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தான். அந்த நேரம் பார்த்துச் சாரல் விழுந்தது. டாலர் நன்றாக நனைந்துபோய் நின்றது. தங்கப்பாண்டி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாவை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்திய சினிமாவுக்கு இந்தப் படம் கிடைத்திருக்காது.

சூர்யபிரகாஷ் இரண்டு கையாலும் பொடியை அள்ளிக் கங்குச் சட்டியை நோக்கி வீசினான். மலைக்காற்று எதிர்ப்பக்கமிருந்து ஒரு வீசு வீசியது. பொடி கங்குக்குப் போகவில்லை. மேலே கிளம்பி, பரவி, டாலர் மேல் இறங்கியது. டப்பாவில் இருந்தவரைக்கும் அது கருகருவென்று ஏதோ மண் மாதிரித்தான் இருந்தது. ஈர முடியில் பட்டதும் விழித்துக்கொண்டது.

பனியை விலக்கிக்கொண்டு, ஜீப் வெளிச்சத்தின் நடுவே, தலை முதல் வால் வரை பச்சைப்பசேல் என்று ஒரு நாய் நடந்து வந்தது.

தங்கப்பாண்டி நிமிர்ந்து பார்த்தார். "ஐயோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் எஸ்டேட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் யானை இறங்கிவிட்டது என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார்.

"கட் பண்ணாத நிலா! மாமா மூஞ்சிக்குப் போ! கிட்டப் போ! மாமா, அப்படியே இருங்க, அசையாதீங்க, தெய்வமே, என்னா நடிப்பு!" என்று சூர்யபிரகாஷ் கத்தினான்.

அந்தப் படத்தில் உண்மையாகப் பயந்த ஒரே நடிகர் தங்கப்பாண்டிதான் என்பதை விமர்சகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அந்தப் பச்சையை அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மருமகனைத் தனியே இழுத்துப்போனார்.

"என்னத்தடா போட்ட?"

"சாம்பிராணி மாமா. உங்க குடோன்ல இருந்துச்சு. 'பழைய சாம்பிராணி'ன்னு நீங்கதான் டப்பா மேல எழுதியிருந்தீங்க."

"எங்க இருந்துச்சு?"

"சாமி படத்துக்குப் பின்னாடி."

"சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கிறத ஏன்டா எடுத்த?"

"முன்னாடி இருந்தது தீந்துபோச்சு மாமா."

நிலா அங்கே வந்து சேர்ந்தாள். "சார், சாம்பிராணி எப்படிப் பச்சையாச்சு?"

தங்கப்பாண்டி மருமகனை முந்திக்கொண்டார். "அது பழசும்மா. பழசானா பச்சையாயிரும்."

சமாளிப்பதற்காகச் சொன்னதானாலும் அது முழு உண்மை. பழசைப் பச்சையாக்குவதைத் தவிர அந்தப் பொடிக்கு வேறு சோலியே கிடையாது.

வீட்டுக்குப் போனதும் சாந்தகுமாரி நாயைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வர்ணிப்பதற்கில்லை.

"மேக்கப்பு. கழுவுனாப் போயிரும்," என்றார்.

கழுவினாள். சீயக்காய் போட்டுக் கழுவினாள். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினாள். தயிர், புளி, கடலைமாவு என்று அடுப்படியே நாயின் மேல் இறங்கியது. தேய்க்கத் தேய்க்க டாலருக்கு மினுமினுப்பு ஏறியதே தவிரப் பச்சை இறங்கவில்லை. தரமான சரக்கு. தங்கப்பாண்டி எதை வாங்கினாலும் தரம் பார்த்துத்தான் வாங்குவார். நாய் ஒன்றில்தான் ஏமாந்தார்.

மறுநாள் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் முடியை விலக்கிப் பார்த்தார். தோல் சிவந்து தடித்திருந்தது.

"ஏதோ கெமிக்கல் சாயம். நாய் உடம்ப நக்கிரும், அதான் பயம். நாக்குல படவே கூடாது. உள்ள போனா ஈரலு, குடலு எல்லாம் கெட்டுரும்," என்று சொல்லி, அதன் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் புனலை மாட்டிவிட்டார்.

"துளிகூட நாக்குல படக் கூடாதா?" என்று தங்கப்பாண்டி தணிந்த குரலில் கேட்டார்.

"துளிகூட."

மருத்துவ விஞ்ஞானம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. நாயின் நாக்கைக் காப்பாற்றப் புனல் கண்டுபிடித்துவிட்டார்கள். பாயசம் குடிக்கிறவர்களுக்கு மாட்ட இன்னும் ஒன்றும் வரவில்லை.

தங்கப்பாண்டிக்குத் தூக்கம் போயிற்று. அது புல்லின் பச்சையோ கிளியின் பச்சையோ அல்ல. ஏலத்தில் மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டிப் புரட்டிப் பார்க்கிற எவனும் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிற பச்சை. ஜோசப் கண்ணில் ஒருதரம் பட்டால் போதும். 'சாய ஒழிப்புச் செம்மலின் வீட்டு நாயே சாயம் போட்ட நாய்' என்று அடுத்த நோட்டீசு வந்துவிடும். தலைவர் பதவி போகும். பின்னாலேயே கடை போகும். நாயைத் தேர்தல் முடியும்வரை வீட்டுக்குள் பூட்டி வைக்கலாம். படத்தை எங்கே பூட்டுவது? ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. நிறுத்து என்றால் மருமகன் அழுவான். அவன் அழுதால் அக்கா வருவாள். அக்கா வருவதைவிட ஜோசப் வருவது மேல்.

யோசித்தார். மூன்று வெற்றிலை போட்டு முடிவதற்குள் உலக சினிமா அவருக்குள் இறங்கியது.

மறுநாள் சூர்யபிரகாஷையும் நிலாவையும் கடை மாடிக்கு வரச்சொல்லி, பஜ்ஜி வாங்கி வைத்து, தொண்டையைச் செருமினார்.

"படத்தக் கறுப்பு வெள்ளைல போடுங்க."

இருவரும் பஜ்ஜியைக் கீழே வைத்தார்கள்.

"கலர் எதுக்கு மாப்ளே? கலரு பொய் சொல்லும். ஒரு பொருளப் பச்சையாக் காட்டுனா நல்ல பொருளுன்னு நம்பிருவான் மனுசன். உள்ள செத்தது கெடக்கும். மேல பச்சையா இருக்கும். கறுப்பு வெள்ளைல அந்த மோசடி நடக்காது. உள்ளது உள்ளபடி நிக்கும். படிச்சிட்டுச் சொல்லல. இது என் அனுபவம்."

சூர்யபிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மாமா, உங்களப் போயி வெறும் ஏலக்கா யாவாரின்னு நெனச்சிட்டேனே!"

நிலா, "கலரு பொய் சொல்லும்," என்று மெதுவாகத் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

விஷயம் கல்லூரிக்கு எட்டியது. பேராசிரியர்கள் அவரை அழைத்து 'நிறமும் பொய்யும்' என்ற தலைப்பில் பேச வைத்தார்கள். முக்கால் மணிநேரம் பேசினார். சாயத்தைப் பற்றி இவ்வளவு ஆழமான அறிவு கொண்ட ஒருவரைத் தாங்கள் கண்டதில்லை என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். தங்கப்பாண்டிக்கு நடை மாறியது. கையைச் சட்டம் போட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தார். படம் கறுப்பு வெள்ளை ஆகிவிட்ட தைரியத்தில் ஒரு காரியமும் செய்தார். தலைவர் தேர்தல் நடக்கிற மகாசபை அன்றைக்கே, அதே மண்டபத்தில், சங்க உறுப்பினர் எல்லாரும் குடும்பத்தோடு இருக்கும்போது படத்தைத் திரையிட ஏற்பாடு செய்தார். தன் செலவிலேயே கேசரியும் போட்டார்.

அந்த நாளும் வந்தது. கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் தங்கப்பாண்டி, பக்கத்து நாற்காலியில், ஜனநாயக மரபுப்படி, ஜோசப். பெண்டு பிள்ளைகள் பக்கவாட்டில். சங்கச் செயலாளர் பால்சாமி மேடையில் மைக்கைத் தட்டி, ஊதி, மறுபடி தட்டி, "படத்துக்கு அப்புறம் தேர்தல், தேர்தலுக்கு அப்புறம்தான் கேசரி" என்று ஒழுங்குமுறையை அறிவித்தார். விளக்கு அணைந்தது.

திரையில் கறுப்பு மலை. வெள்ளைப் பனி. கறுப்பு ஜீப். வெள்ளையாக வாந்தி எடுக்கிற ஒரு மாணவன். பிள்ளைகள் சிரித்தார்கள். தங்கப்பாண்டி கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"நல்லா எடுத்திருக்கான் ஓம் மருமகன். ஆனா கலர்ல இருந்திருக்கலாம்," என்றார் ஜோசப்.

"கலரு பொய் சொல்லும்ணே," என்றார் தங்கப்பாண்டி.

அப்போது பனி விலகியது. பேய் வந்தது. மலை கறுப்பு வெள்ளை. கட்டடம் கறுப்பு வெள்ளை. பயந்து ஓடுகிற பையன்கள் கறுப்பு வெள்ளை. நடுவில் நாய் மட்டும் பச்சை. சுற்றியிருந்த அத்தனையும் நிறமற்றுப் போயிருந்ததால், அந்தப் பச்சை திரையை விட்டு இறங்கி மண்டபத்துக்குள் நடந்து வருவது போலிருந்தது.

தங்கப்பாண்டியின் மேல் கால் தானாக இறங்கியது. தலையைப் பின்னால் திருப்பினார். பின்வரிசையில் நிலா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். குனிந்தபடியே நாற்காலிகளுக்கு இடையில் ஊர்ந்து போனார்.

"என்ன தாயி இது? கறுப்பு வெள்ளைன்னு சொன்னேனே!"

"நீங்க சொன்னதத்தான் சார் செஞ்சிருக்கோம். கலரு பொய் சொல்லும்னீங்க. படத்துல எல்லாரும் நெசம், பேயி மட்டுந்தான் பொய்யி. அதனால பொய்ய மட்டும் கலர்ல விட்டுட்டோம். ஒவ்வொரு பிரேமா உக்காந்து பண்ணுனேன் சார். கண்ணு வலியே வந்துருச்சு."

தங்கப்பாண்டி திரும்பி ஊர்ந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். உட்காரவும், திரையில் அவருடைய முகமே வந்தது. பிளந்த வாயும் பிதுங்கிய கண்ணுமாக, சுவர் அளவுக்கு. "ஐயோ!" என்று திரையில் இருந்த தங்கப்பாண்டி அலறினார். கீழே இருந்தவரும் அதையேதான் சொல்ல நினைத்தார். பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

ஆனால் பிள்ளைகள் மட்டும்தான். இதைக் கவனிக்க வேண்டும். பயந்துகொண்டே சிரிக்க வேண்டிய படத்தில் வேலை இரண்டாகப் பிரிந்துபோய்விட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், சங்க உறுப்பினர்கள் பயந்தார்கள். ஒருவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒருவர் கையைத் துண்டுக்குள் ஒளித்தார். கடைசி வரிசையில் ஒருவர் போனை வாயோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "ஏய், அந்த டப்பாவ வெரசா எடுத்துக் கெணத்துல… வேணாம், கெணத்துல போட்டுராத, பரண்ல போடு!" என்றார்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. ஜோசப் எழுந்தார். வேட்பாளர் என்ற முறையில் பேச அவருக்கு உரிமை இருந்தது. மேடையேறி, மைக்கைப் பிடித்து, மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தங்கப்பாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"சபையோரே! அந்த நாய் மேல இருக்கிறது என்ன பச்சைன்னு எனக்குத் தெரியும்!"

மண்டபத்தில் நாலைந்து பேர் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தார்கள்.

பால்சாமி நடைமுறை தவறாதவர். எந்தத் தகவலுக்கும் ஆதாரம் கேட்டு அறிக்கையில் சேர்ப்பது அவர் வழக்கம். "எப்படித் தெரியும்னு அண்ணாச்சி சொல்லீட்டீகன்னா எழுதிக்கிருவேன்," என்றார்.

ஜோசப் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அந்த இடைவெளியில் அவருடைய குடோன், அதன் பின்கட்டு, பின்கட்டில் மூடி இறுக்கி வைத்த ஏதோ ஒன்று எல்லாம் அவர் முகத்தில் வந்து போயின.

"எப்படின்னா… பாத்தாலே தெரியுதே! அது நம்ம மலையோட பச்சை! இயற்கைத் தாயோட பச்சை! இப்பேர்ப்பட்ட கலை உள்ளத்த எதுத்து நிக்க எனக்கு மனசு வரல. நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு நிம்மதியான கைதட்டலை அந்த மண்டபம் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை. தங்கப்பாண்டி கண்ணைத் திறந்தார். பிழைத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. எதனால் பிழைத்தோம் என்பதும் மெல்லப் புரிந்தது. தன்னைப் போன்ற உத்தமர்கள் இத்தனை பேரா என்று மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் தன்னைத் தனி ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நெஞ்சு விம்மியது.

"அடுத்தபடியாகக் கதாநாயகனுக்கு மாலை மரியாதை," என்று அறிவித்தான் சூர்யபிரகாஷ்.

தங்கப்பாண்டி வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டு வந்த டாலரைப் பிடித்துக்கொண்டு சாந்தகுமாரி மேடையேறினாள். நேரில் பார்க்கப் பச்சை இன்னும் பிரமாதமாக இருந்தது. மாலை போடுவதற்காகக் கழுத்துப் புனலைக் கழற்றினாள். மாலையை வாங்கிக் கீழே வைத்தாள். அப்புறம் மைக்கை வாங்கினாள். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

"அண்ணன்மாரே, எனக்கு மாலை வேணாம். பிள்ளைக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப்போயிக் கெடக்கு. ராத்திரியெல்லாம் அரிப்புத் தாங்காம மொனங்குது. கழுவாத கழுவு இல்ல. என்ன சாயம்னு தெரிஞ்சா மாத்து மருந்து குடுக்கலாம்னு டாக்டரு சொல்றாரு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியலங்கிறாரு. இம்புட்டுப் பேரு பச்சையவே பாத்துப் பாத்து யாவாரம் பண்றீக. ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சாச் சொல்லுங்க. புண்ணியமாப் போகும்."

தங்கப்பாண்டி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொன்னால் போதும், நாய் பிழைத்துவிடும். ஆனால் தலைவர் பொறுப்புக்கு வரப்போகிறவர் அவசரப்பட்டு ஒரு கருத்தைச் சொல்லிவிட முடியாது அல்லவா?

பால்சாமி சபையைக் காப்பாற்ற முன்வந்தார். "இந்தச் சாயம் இன்னதுன்னு தெரிஞ்ச உறுப்பினர்கள் கை தூக்கலாம்."

ஒரு கையும் எழவில்லை.

"தெரியாதவுக?"

அத்தனை கையும் எழுந்தது. இரண்டு கையையும் தூக்கியவர்களும் உண்டு. வடைக்குச் சட்னியா சாம்பாரா என்பதில்கூட இரண்டாகப் பிளந்து நின்ற சங்கம் அது. சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு விஷயம் ஒருமனதாக நிறைவேறியது. பால்சாமி அந்தச் சூட்டோடு, "தலைவராகத் தங்கப்பாண்டி அவர்களும் ஒருமனதாக!" என்றார். தூக்கிய கை தூக்கியபடியே இருந்ததால் அதுவும் நிறைவேறியது.

அந்த நேரம் டாலர் பிடியை உதறிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தது.

வேற்று மனிதரைக் கண்டால் உறுமுகிற நாய் அது. ஆனால் அன்றைக்கு உறுமவில்லை. முன்வரிசையில் ஜோசப்பிடம் போய், இறக்கிய கையை மோந்து பார்த்தது. ஒரு கணம் யோசித்தது. அப்புறம் வாலை ஆட்டியது. அடுத்தவர் கையை மோந்தது, ஆட்டியது. அதற்கடுத்தவர், ஆட்டியது. காணாமல்போன உறவுக்காரர்களை ஒரே கூடத்தில் கண்டுபிடித்துவிட்ட மாதிரி, வரிசை வரிசையாகப் போய், வாலைச் சுழற்றிச் சுழற்றி ஆட்டி, சிலருடைய மடியில் முன்னங்காலையே வைத்துவிட்டது. மேடைக்குத் திரும்பி வந்து பால்சாமியின் கையையும் விடவில்லை. வாலாட்டாமல் அது தாண்டிப் போனது ஒரே ஒருவரைத்தான். மைக் செட்காரரை.

அந்த மனிதர் ஒலியைக் குறைக்கவும் மறந்திருந்தார். அதனால் சாந்தகுமாரி சாவதானமாகச் சொன்னது மண்டபத்துக்கு வெளியே, ரோட்டில் பஸ்சுக்கு நின்றவர்கள் காதிலும் விழுந்தது.

"உங்களுக்குத்தான் அதத் தெரியல. அதுக்கு உங்க அம்புட்டுப் பேரையும் தெரிஞ்சிருக்கு."